தொட்டி தோய்வதற்குள் சாகும் மீன்கள்

பெங்களூரின் ஓர் அடுக்கக வீட்டில் நடப்பதாக வைத்துக்கொள்ளலாம். புனேயிலோ ஐதராபாத்திலோ நடந்தாலும் கதை பெரிதாக மாறப்போவதில்லை. குழந்தையின் பிறந்தநாளை ஒட்டி ஒரு சனிக்கிழமை மாலை மீன்தொட்டி வந்து சேர்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நீலக் கற்கள், நெகிழிச் செடி, ஒரு ஃபில்டர், குமிழி விடும் மோட்டார். எட்டுப் பொன்னிறத் தங்கமீன்கள், ஒரு கறுப்பு மீன். கடைமொழியில் இதற்குப் பெயர் ‘வாஸ்து செட்’. ஐந்து நாட்கள் வீடே தொட்டியின் முன் அமர்ந்திருக்கிறது. ஆறாம் நாள் காலை ஒரு மீன் மல்லாந்து மிதக்கிறது. பத்தாம் நாளுக்குள் நான்கு போய்விடுகின்றன.

அதன்பின் விசாரணை தொடங்குகிறது. குழந்தை தீனியை அள்ளிக் கொட்டியதா, வேலைக்கு வரும் அம்மா சோப்புக் கையோடு தொட்டாரா, எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள்தானே முதல் மீன் செத்தது என்றெல்லாம் ஆராய்கிறார்கள். மாமியார் இருக்கும் வீடாயின் “எல்லாம் கைராசிதான்” என்ற ஒரு சொல், யாரையும் பெயர் சொல்லிக் குறிக்காமல், போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கடைக்குத் தொலைபேசியில் கேட்டால் மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது: “தண்ணி இன்னும் செட் ஆகலை மேடம். ப்ளூ மருந்து நாலு சொட்டு விடுங்க. ஞாயித்துக்கிழமை புது லோடு வருது, நல்ல மீனாப் பொறுக்கித் தர்றேன்.”

இந்த மறுமொழியின் முதல் வாக்கியம் உண்மை. தொட்டியை விற்றபோது சொல்லியிருக்க வேண்டிய ஒரே வாக்கியமும் அதுதான். அது மீன்கள் செத்தபின் சொல்லப்படுகிறது என்பதே இங்கே வழக்கு. மீனின் நோயோ, வீட்டின் ராசியோ, குழந்தையின் கையோ அந்த நான்கு மீன்களையும் கொல்லவில்லை. அவை தம் கழிவிலேயே மூழ்கி இறந்தன. அந்தக் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தொட்டியில் இன்னும் பிறக்கவில்லை.

கழிவு என்றதும் அடியில் கிடக்கும் எச்சத்தைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். மீன் வெளியேற்றும் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே நேரடியாக நீரில் கலக்கிறது. அதற்கு நிறமில்லை, தொட்டியில் சேரும் அளவில் நாற்றமும் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன தொட்டி விளிம்புவரை நிரம்பினால் ஏறத்தாழ 56 லிட்டர் பிடிக்கும். கற்களும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் நீர் இருக்கும். ஒன்பது மீன்களுக்கு ஒரு நாளில் போடும் தீனி 1 கிராம் என்று கொள்வோம். அதில் 35 விழுக்காடு புரதம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக 56 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ளே போகிறது. அதில் பாதி மட்டுமே அம்மோனியாவாக வெளியேறினாலும் ஒவ்வொரு நாளும் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் கூடிக்கொண்டே போகும். ஐந்து நாளில் 3 மில்லிகிராம். முதல் மீன் ஆறாம் நாள் மிதந்ததில் வியப்பில்லை. குளத்தில் வாழும் மீனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அதற்குக் கிடைக்கும் நீரின் அளவும், அந்த நீரின் அடியில் வாழும் உயிர்களும் வேறு. குளத்து மீனைக் கண்ணாடிக்குள் வைப்பவர்கள் நீரை மட்டும் கொண்டுவருகிறார்கள், குளத்தைக் கொண்டுவருவதில்லை.

நீரில் இருக்கும் அம்மோனியா முழுவதும் ஒரேபோல நஞ்சாவதில்லை. ஒரு பங்கு அம்மோனியமாக மாறிப் பெரும்பாலும் தீங்கற்று நிற்கும். மறு பங்குதான் செவுளுக்குள் புகுந்து எரிக்கும். எந்தப் பங்கு எவ்வளவு என்பதை நீரின் பிஎச் முடிவு செய்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்கு கூட நஞ்சு வடிவில் இராது, ஏறத்தாழ 0.6 விழுக்காடுதான். பிஎச் 8 ஆனால் 5 விழுக்காட்டைத் தாண்டும். 8.4 ஆனால் 12 விழுக்காடு. அதாவது அதே மூன்று மில்லிகிராம், ஒரு நீரில் மீனை வாட்டும். இன்னொரு நீரில் ஒரே இரவில் கொல்லும்.

பெங்களூர் இங்கே முக்கியமாகிறது. அந்நகரின் பல அடுக்ககங்களில் ஒரே குழாயில் மூன்று வகை நீர் வருகிறது. சில நாட்கள் காவிரி நீர், சில நாட்கள் ஆழ்துளைக் கிணற்று நீர், கோடையில் லாரி நீர். ஒன்று மென்மையானது, மற்றொன்று பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும் அளவுக்குக் கடினமானது. தொட்டியை நிரப்பிய நாளில் வந்த நீர் ஒன்று. மீன் வாடுவதைக் கண்டு பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றும் நாளில் வரும் நீர் வேறொன்று. புது நீரின் பிஎச் கூடுதலாக இருந்தால், அதுவரை தீங்கற்று நின்ற அம்மோனியத்தின் ஒரு பகுதி சில நிமிடங்களில் நஞ்சு வடிவுக்குத் திரும்புகிறது. “தண்ணி மாத்தினேன், ஒரு மணி நேரத்துல எல்லாம் செத்துப்போச்சு” என்று பலரும் சொல்லும் புதிரின் விடைகளில் ஒன்று இது. அந்தப் பெண் தவறேதும் செய்யவில்லை, காப்பாற்றத்தான் முயன்றார். ஆனால் அந்த வீட்டின் நினைவில் மீனைக் கொன்றவராக அவரே நிற்பார்.

மீன் வரும் நெகிழிப் பைக்குள்ளும் இதன் இன்னொரு வடிவம் நிகழ்கிறது. ஹவுரா மாவட்டத்துக் குளங்களிலும் சென்னைக் கொளத்தூர் வட்டாரத்திலும் வளர்ந்த மீன்கள் நாட்டின் பல நகரங்களுக்குப் பைகளில் அடைபட்டுப் போகின்றன. நெடும்பயணத்தில் பைக்குள் அம்மோனியா சேரும். மீன் விடும் மூச்சால் கரியமில வாயுவும் சேரும். அந்த வாயு பிஎச்சைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அம்மோனியா கடிக்காமல் இருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியா கடிக்கத் தொடங்கும். ஆகவே மூடிய பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துவது நன்று. பையைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் ‘பழக’ விடுவது நன்றன்று. பை நீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

இனி, இறவாத மீன்கள் எப்படி வாழ்கின்றன என்ற கேள்வி. அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஒரு வகை. நைட்ரைட்டை உண்டு நைட்ரேட்டாக மாற்றுபவை இன்னொரு வகை. நைட்ரைட்டும் நஞ்சுதான், அது மீனின் குருதியைப் பழுப்பாக்கி, நீரில் பிராணவாயு இருந்தும் மூச்சுத் திணறச் செய்யும். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. வாரம் ஒருமுறை கொஞ்சம் நீர் மாற்றினால் போய்விடும். இந்த உயிர்கள் நீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடிச் சுவரிலும் படலமாக ஒட்டி வாழ்கின்றன. வேகமாகப் பெருகுவதுமில்லை, ஒருமுறை இரட்டிக்கவே அரை நாளுக்கு மேல், சூழல் சரியில்லையேல் பல நாட்கள் ஆகும். அதனால்தான் ஒரு புதுத் தொட்டி மீனைத் தாங்கும் நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கின்றன.

இந்த அறிவு தொட்டியை விட இளையது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850-இல் இரண்டு தங்கமீன்கள், நீர்ச்செடி, நத்தைகள் ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் சேர்த்து நிலைக்க வைத்தபோது, செடி தரும் பிராணவாயுவையும் மீன் தரும் கரியமில வாயுவையும் கொண்டே அதை விளக்கினார். மண்ணில் வாழ்ந்து அம்மோனியாவை உண்ணும் உயிர்களை விநோகிராத்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டியது 1890 வாக்கில். இடையில் 1854-இல் பிலிப் காஸ் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்ற சொல் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. இலத்தீனில் அச்சொல்லுக்குக் கால்நடைகள் நீர் அருந்தும் இடம் என்று பொருள். மாடு நீர் குடிக்கும் இடத்தைக் குறிக்கும் ‘தொட்டி’யையே தமிழ் எந்தக் கலைச்சொல் குழுவும் கூடாமல் இதற்குச் சூட்டிக்கொண்டது ஓர் இனிய தற்செயல்.

தொட்டிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதைத் தயார் செய்யும் வினைக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த வளர்ப்பாளர்கள் ‘சைக்கிள்’ செய்வது என்பார்கள். தமிழில் அது மிதிவண்டியாகவே காதில் விழும். ‘நைட்ரஜன் சுழற்சி’ என்று பெயர்த்தாலோ பள்ளிப் பாடநூலின் அம்புக்குறிப் படமாக மாறிவிடும். கடைக்காரரின் ‘செட் ஆகணும்’ இவற்றைவிட உயிருள்ளது. ஆனால் அது தவறான படத்தை மனத்தில் எழுப்புகிறது. செட் ஆவது என்றால் சும்மா விட்டு வைப்பது என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். ஆகவே கவனமுள்ள சிலர் மீனின்றித் தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு வாரம் பொறுத்து, எட்டாம் நாள் மீன் வாங்குகிறார்கள். குளோரின் போயிருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது. உண்ண அம்மோனியா இல்லாத தொட்டியில் அதை உண்ணும் உயிர் எப்படிப் பெருகும்? பொறுமை காத்தவரின் மீனும் அதே ஆறாம் நாள் சாகும். பொறுத்தும் பயனில்லை என்று அவர் முடிவு கட்டுவார்.

இதற்குத் தமிழ்ச் சமையலறையில் பொருத்தமான வினை காத்திருக்கிறது: தோய்தல். பாலை வெறுமே வைத்தால் திரிந்து போகும். உறைமோர் விட்டால் தோயும். உறை இருந்து பால் இல்லையென்றாலும் தயிர் இல்லை. தொட்டியும் அப்படித்தான். நன்றாக ஓடும் பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சு உறைமோர். நாள்தோறும் போடும் ஒரு சிட்டிகை தீனி அழுகி வரும் அம்மோனியா பால். இரண்டும் இருந்தால், தயிரைவிட மெதுவாக, தொட்டி தோயும். பழைய தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றுவோர் உண்டு. உயிர்கள் ஸ்பாஞ்சில் இருக்க, நீரை வாங்கி வருவது மோரை விட்டுவிட்டுச் சட்டியைக் கழுவிய நீரைக் கொண்டுவருவது போல. பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்த் திரவங்களும் இருக்கின்றன. அவற்றில் சில உதவும். கடை அலமாரியில் எத்தனை கோடையைப் பார்த்த பாட்டில் என்பதைப் பொறுத்தது அது.

தமிழ்ச் சொற்களில் இந்த வினைக்கு நேர்ப் பகையாக நிற்பது ‘சுத்தம்’. தெளிந்த நீர் சுத்தமான நீர் என்று கண் தீர்ப்பளிக்கிறது. அம்மோனியா நிரம்பிய நீரும் பளிங்குபோல் தெளிந்தே இருக்கும். முதல் வாரத்தில் நீர் பால் கலந்ததுபோல் வெளுக்கும்; வேறு வகை நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகுவதால் வருவது அது, தானே தணியும். வீட்டிலோ அதைக் கண்டதும் தொட்டியை முழுவதும் காலி செய்து, கற்களைத் தேய்த்துக் கழுவி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் நுரை போகப் பிழிந்து, மறுபடி நிரப்புகிறார்கள். அரும்பத் தொடங்கிய உயிர்ப்படலம் சாக்கடையில் போகிறது. குடிநீர்க் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலை. நுண்ணுயிர்களைக் கொல்லத்தான் அது கலக்கப்படுகிறது. நல்லது கெட்டது பார்த்து அது கொல்வதில்லை. ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்தே ஒரு குவளை நீர் எடுத்து அதில் அலசினால் போதும்.

சுத்தத்தின் உச்சம் ஆர்.ஓ. நீர். குழந்தைக்குக் கொடுக்கும் நீரையே மீனுக்கும் கொடுக்க வேண்டும் என்று அன்பு மிகுந்தவர்கள் அதை ஊற்றுகிறார்கள். அந்த நீரில் கார்பனேட் உப்புகள் ஏறக்குறைய இல்லை. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது நீரின் காரத்தன்மையைத் தின்கின்றன. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை கரைகிறது. இருப்பு இல்லாத நீரில் பிஎச் சரிந்துகொண்டே போகும், நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். பெங்களூர்க் கிணற்று நீரின் கடினம் அங்கே கேடு, இங்கே காப்பு. பாதிக்குப் பாதி கலப்பது பல வீடுகளுக்குப் பொருந்தும். கலக்கும் அளவை வாரத்துக்கு வாரம் மாற்றாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

இறப்பின் நேரத்தைப் பார்த்தே காரணத்தைப் பெருமளவு ஊகிக்கலாம். வாங்கிய 24 மணி நேரத்துக்குள் செத்தால் குளோரின், வெப்ப அதிர்ச்சி, பயணக் களைப்பு. நான்கிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் என்றால் அம்மோனியா. செவுள் சிவந்து, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். மூன்றாம் நான்காம் வாரத்தில் அம்மோனியா தணிந்தபின் மறுபடி இறப்பு தொடங்கினால் நைட்ரைட். ‘தொட்டி பழகிவிட்டது’ என்று நம்பிப் புது மீன் வாங்குவதும் இந்த வாரத்தில்தான். விடியற்காலையில் மட்டும் செத்தால் பிராணவாயுக் குறைவைச் சந்தேகிக்கலாம். டிசம்பர்க் குளிரில் உடலெங்கும் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி வந்தால் அது உண்மையான நோய். அப்போது மட்டுமே மருந்துப் பேச்சு வரலாம். பல மணி நேர மின்வெட்டுக்குப் பின் வரும் இறப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்: மோட்டார் நின்றால் ஃபில்டருக்குள் இருக்கும் உயிர்களுக்கும் மூச்சு நிற்கிறது.

‘ப்ளூ மருந்து’ எனப்படுவது மெத்திலீன் நீலம். பூஞ்சைக்கும் நைட்ரைட் நஞ்சுக்கும் அதற்குப் பயன் உண்டு, தனிப் பாத்திரத்தில் மீனை வைத்துக் கொடுக்கும்போது. தொட்டியிலேயே ஊற்றினால் அது ஸ்பாஞ்சில் அரும்பும் உயிர்ப்படலத்தையும் கெடுக்கும். தோயாத பாலில் உறையையும் கொன்றுவிட்டால் பிறகு எப்போது தோயும்? கடை தரும் மருந்து, கடை விற்ற குறையை நீட்டிக்கிறது.

வீட்டுக்கு வரவிருந்த கேட்டை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்ற நம்பிக்கை இந்தியா முழுவதும் பரவியிருக்கிறது. அழும் குழந்தையைத் தேற்ற அது உதவும் என்பதால் அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் யாருக்கு வருவாய் என்று கேட்கலாம். இறப்புக்குக் காரணம் வீட்டின் விதியில் இருக்கிறது என்றால், விற்றவரிடம் கேள்வி இல்லை. இறந்ததும் நன்மைக்கே என்றால், அடுத்த மீன் வாங்குவது கடமையாகிவிடுகிறது. ‘எட்டும் ஒன்றும்’ என்ற எண்ணிக்கையோ இரண்டடித் தொட்டிக்குள் நேரடியாகப் போடப்படும் மரணக் கணக்கு. தங்கமீன் ஒரு சாண் தாண்டி வளரக்கூடியது, நிறையத் தின்று நிறையக் கழிப்பது. 45 லிட்டரில் ஒரு தங்கமீனே நெருக்கடி. அதைத் ‘தாங்கும் மீன், தொடக்கக்காரருக்கு ஏற்றது’ என்று விற்கிறார்கள். தாங்கும் என்பது உண்மைதான்: மற்ற மீன்களைவிட இரண்டு நாள் கூடுதலாக வேதனையைத் தாங்கும்.

கடைக்காரர்களைப் பொய்யர்கள் என்று முத்திரை குத்துவது எளிது, நியாயமன்று. வாடகை, மின்கட்டணம், லாரியில் வரும்போதே சாகும் மீன்கள் என்று அவர்களுக்கும் கணக்கு உண்டு. பிறந்தநாளுக்கு முதல்நாள் குழந்தையோடு வந்து நிற்கும் குடும்பத்திடம் “இன்று மீன் தரமாட்டேன், ஒரு மாதம் கழித்து வாருங்கள்” என்றால் அவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். பொறுமையை விற்கும் கடை பொறுமையில்லாத கடையிடம் தோற்கும். மைய அரசு 2020-இல் தொடங்கிய மீன்வளத் திட்டம் அலங்கார மீன் வளர்ப்புக்கு மானியம் தருகிறது. வளர்ப்பவர் கூடுதலாக வளர்க்கிறார், விற்பவர் கூடுதலாக விற்கிறார், வாங்கியவர் வீட்டில் நடப்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

எனினும் கடைக்காரரிடம் ஒரு செல்வம் இருக்கிறது, அதை அவர் விற்பதே இல்லை. நாற்பது தொட்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடும் கடையில் நாற்பது ஸ்பாஞ்சுகள் தோய்ந்து கிடக்கின்றன. தொட்டியோடு சேர்த்து, ஓடிய ஸ்பாஞ்சு ஒன்றை விலை வைத்தே கொடுக்கலாம். புதியதைத் தன் தொட்டியில் போட்டுக்கொள்ளலாம். நோயும் கூடவே போகும் என்ற மறுப்பு சரியானதே. அதே தொட்டியின் மீனையும் அதே வீட்டுக்குத்தான் விற்கப்போகிறார் என்பதால் அந்த மறுப்பு அவ்வளவு கனக்காது. ரசீதில் தொட்டி விற்ற நாளோடு மீன் வாங்க வேண்டிய நாளையும் எழுதிக் கொடுக்கலாம். மீனுக்கான பணத்தை முன்பே வாங்கிக்கொண்டாலும் குற்றமில்லை. பிறந்தநாளன்று குழந்தைக்கு ஒரு வெறுந்தொட்டியும் ஒரு சோதனைப் பெட்டியும் கிடைக்கும். நாள்தோறும் நீரின் நிறம் மஞ்சளிலிருந்து பச்சைக்கும் மறுபடி மஞ்சளுக்கும் மாறுவதைப் பார்ப்பதில் ஏழு வயதுக் குழந்தைக்கு இருக்கும் ஆர்வத்தைப் பெரியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

ஏற்கெனவே மீன் வாங்கிவிட்டு, இன்றிரவு மேல்மட்டத்தில் வாய்பிளந்து நிற்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வாதமெல்லாம் உதவாது. அவர்கள் முதலில் தீனியை நிறுத்த வேண்டும்; நன்கு வளர்ந்த தங்கமீன் நான்கு நாள் பட்டினியில் சாகாது. இறந்தவற்றை உடனே எடுத்துவிட வேண்டும். குமிழி மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட வேண்டும். குளோரின் நீக்கிய நீரை, முடிந்தால் தொட்டி நிரப்பிய அதே வகை நீரை, கால் பங்கு, சில மணி நேரம் கழித்து இன்னொரு கால் பங்கு என மெதுவாக மாற்ற வேண்டும். மூன்றாம் நான்காம் வாரமாயின் 10 லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு. உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழையும் வழியை அடைக்கும். ஸ்பாஞ்சைத் தொடக் கூடாது. பாதி மீன்களைத் தோய்ந்த தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படைக்க முடிந்தால் அது எல்லாவற்றையும் விட நல்லது.

ஒப்படைக்க ஆள் இல்லாதவர்கள் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியமாகவே செய்கிறார்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தலையில் கட்டப்படும் ‘சக்கர்’ மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தானும் அம்மோனியா விடுவது. ஓரடிக்கு மேல் வளர்வது. கிழக்குக் கொல்கத்தா நீர்நிலைகளிலிருந்து ஆந்திரத்து மீன்குளங்கள் வரை இன்று வலைகளைக் கிழித்துக்கொண்டிருப்பது அந்த மீன்தான்.

பெங்களூர் வீட்டில் ஒன்பதில் ஒன்று பிழைத்தது. கறுப்பு மீன். எட்டு மீன்களின் கழிவும் பிணங்களும் உணவாகி, ஏழு வாரங்களில் அந்தத் தொட்டி தானே தோய்ந்துவிட்டது. கடைசி மீனுக்கு வேண்டிய அளவு உயிர்ப்படலம் ஸ்பாஞ்சில் வளர்ந்துவிட்டது. வீட்டில் அதற்கு ராசியான மீன் என்று பெயர். அதற்குத் துணையாக வரும் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் எட்டுப் பொன்னிற மீன்கள் வாங்குவதென்று பேச்சு நடக்கிறது. இப்போது அந்த ஸ்பாஞ்சில் இருப்பது ஒரு மீனின் கழிவைத் தின்னும் அளவுக்கான உயிர்கள் மட்டுமே.